தடுப்பூசி முடியட்டும் என்று காத்திருக்கலாமா? கொழும்புத் தொடர்மாடிகளில் நாய்க்குட்டி வளர்ப்பு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாய்க்குட்டி வாங்கிய வீட்டில் முதல் கிழமையே எழும் கேள்வி, இதை எப்போது பழக்கத் தொடங்குவது என்பது. வீட்டுப் பெரியவர்கள், பக்கத்து வீட்டு மாமி, குட்டியை விற்றவர் என்று எல்லோரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடியட்டும், அதுவரை வெளியே கொண்டுபோக வேண்டாம், ஆறு மாதமானதும் பழக்குகிற ஆள் ஒருவரைப் பிடிக்கலாம் என்பார்கள். இந்தப் பதிலின் முற்பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. பிற்பாதி தவறு. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்கும் வீட்டில் ஒரு வயதில் லிப்டைக் கண்டு நடுங்குகிற, விருந்தாளியைக் கடிக்க வருகிற, பட்டாசு நாளில் கட்டிலுக்கடியில் கிடந்து சாப்பிட மறுக்கிற நாய் வளர்வதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நம்முடைய பழைய வளவுகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் நாயை யாரும் உட்கார வைத்துப் பழக்கியதில்லை. அது மாமரத்தடியில் படுத்தது, வீட்டார் சாப்பிட்ட பிறகு சோறும் மீன் தலையும் தின்றது, இரவில் படலையைக் காவல் காத்தது. வைரவருக்கு வாகனம் என்ற மரியாதை இருந்தாலும் அடுப்படிக்குள் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த வளவே அதற்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் புரண்டு கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் மற்றது கத்தும் என்று அறிந்தது. ஆடு, கோழி, பனங்காட்டிலிருந்து வரும் ஆள், சைக்கிளில் வரும் மீன்காரர், கோயில் மேளம் எல்லாம் மூன்று மாதத்துக்குள் அதற்குப் பழகிவிட்டன. நான்காம் மாடியில் இரண்டு அறையும் ஒரு பல்கனியும் உள்ள பிளாட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முற்றத்தோடிருந்த வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்தபோது, குட்டி தானாகக் கற்றுக்கொண்ட இடமும் போய்விட்டது. வளவு கேட்காமலே கற்றுக்கொடுத்ததை இப்போது வீட்டார்தான் திட்டமிட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எவ்வளவு காலத்துக்குள் என்பதற்கு விஞ்ஞானம் தெளிவான விடை தந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹாபரில் உள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் ஆகியோர் ஐந்து இன நாய்களை ஏராளமாக வளர்த்து ஆராய்ந்தார்கள். அதே ஆய்வுகூடத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவை டானியல் பிரீட்மனும் கூட்டாளிகளும் 1961இல் வெளியிட்டார்கள். உயர்ந்த வேலி போட்ட வெளியில், மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு கிழமை மட்டும் உள்ளே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் பழகிய குட்டிகள் மனிதரிடம் நன்றாக ஒட்டின. பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்கைப் போல ஒதுங்கின. ஸ்கொட்டும் புல்லரும் 1965இல் எழுதிய நூல் இதைப் பரவலாக்கியது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, சற்று நீட்டினால் பதினான்காம் வாரம் வரை, குட்டியின் மனம் புதியதைப் பயமின்றி ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு புதியதெல்லாம் அதற்குச் சந்தேகத்துக்குரியது. பிறகும் பழக்கலாம், ஆனால் ஒரு நாளில் ஆகக்கூடியதற்கு மாதக்கணக்கு பிடிக்கும்.

அப்படியானால் ஆறு மாதம் என்ற கணக்கு எதற்கு? அது இராணுவ, பொலிஸ் நாய்களின் மரபு. கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மன் பொலிஸ் அதிகாரி 1910இல் எழுதிய கைந்நூலிலிருந்து வளர்ந்த முறை, கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டியிழுத்துத் திருத்துவதையே ஆதாரமாகக் கொண்டது. பால்குடி மறந்த குட்டியின் கழுத்து அதைத் தாங்காது. ஆகவே கழுத்து உரக்கும் வரை காத்திருந்தார்கள். காத்திருந்ததற்குக் காரணம் அந்தக் கருவி, குட்டியின் மனவளர்ச்சி அன்று. பிரித்தானிய மிருக வைத்தியரான இயன் டன்பர் 1982இல் கலிபோர்னியாவில் வார் இல்லாமல் குட்டிகளைக் கூட்டி விளையாடவிட்டுப் பழக்கும் வகுப்புகளைத் தொடங்கியபோதுதான் இந்த வழக்கம் உடைந்தது. தீன் கொடுத்துப் பழக்கும்போது எட்டு வாரக் குட்டியும் கற்றுக்கொள்ளும். இலங்கையில் நாய் பழக்குபவர்கள் பலர் இராணுவ, பொலிஸ் நாய்ப் பிரிவுகளின் வழிவந்தவர்கள் என்பதால் ஆறு மாதக் கணக்கு இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இனி எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருவோம். அது இலேசான வாதம் அன்று. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரசு 1978இல் உலகெங்கும் பரவியது. இரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக இளங்குட்டியைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் அந்த வைரசு மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். தாய்ப்பால் வழியே கிடைத்த எதிர்ப்புச்சக்தி முதற்சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. அதே சக்திதான் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அது எந்தக் குட்டியில் எந்த வாரத்தில் குறையும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இதனால்தான் உலக சிறுபிராணி மிருக வைத்தியர் சங்கம் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ என்று வகுத்திருக்கிறது.

கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் புரியும். பழகும் பருவம் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் முடிகிறது. தடுப்பூசி வரிசை பதினாறு வாரத்தில்தான் முடிகிறது. ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் மற்றது போய்விடும். இந்த முரணைப் பல நாட்டு வைத்தியர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க மிருக நடத்தையியல் வைத்தியர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஏழு, எட்டு வாரக் குட்டியைக்கூடப் பழக்க வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்றது. குறைந்தது ஒரு தடவை தடுப்பூசி போட்டு ஏழு நாட்களாவது ஆகியிருக்க வேண்டும், பூச்சி மருந்தும் கொடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோய்களைவிட நடத்தைக் கோளாறுகளே பெரிய காரணம் என்றும் அதே அறிக்கை சொன்னது. அங்கே அந்தச் சாவு கருணைக்கொலை ஊசியால் வருகிறது. இங்கே கடிக்கத் தொடங்கிய நாய் ஓட்டோவில் ஏற்றப்பட்டுத் தூரத்துச் சந்தையடியில் இறக்கிவிடப்படுகிறது. இரண்டும் ஒன்றுதான்.

கொழும்பில் இன்னொரு பயமும் உண்டு. விசர் நாய்ப் பயம். அதற்கு வரலாறு இருக்கிறது. நீர்வெறுப்பு நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893இலும் நாய்ப் பதிவுச் சட்டம் 1901இலும் வந்தன. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசி முகாம்கள் பெருகப் பெருக அந்த எண்ணிக்கை சரிந்து, அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பது அளவில் நிற்கிறது. கட்டாக்காலி நாய்களைக் கொல்வது 2006இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் கொழும்பு மாநகர சபையும் புளூ போ அறக்கட்டளையும் சேர்ந்து தெருநாய்களுக்குத் தடுப்பூசி, கருத்தடை, மக்களுக்கு அறிவூட்டல் என்று நகரெங்கும் வேலை செய்தன. நகரில் விசர் நாய்கள் வெகுவாகக் குறைந்ததை அதைப் பற்றிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆகவே நம் பெற்றோரின் பயம் அவர்கள் கண்ட காலத்துக்குப் பொருத்தமானது. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் கடியால், உமிழ்நீரால் பரவுவது. தோளில் தூக்கிக்கொண்டு போகும் குட்டிக்குக் காற்றால் வராது. குட்டிக்கு விசர் நாய்த் தடுப்பூசி போடும் நாளை மிருக வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் தவறாமல் போடுவதே காவல். இளங்குட்டி என்றாலும் தடுப்பூசி போடாதது பல் பதியக் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிகிச்சை அங்கே இலவசம்.

விடை இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில் இருக்கிறது: தரையில் விடாமல், ஆனால் வெளியே கொண்டுபோவது. முதல் ஊசி போட்டு ஒரு கிழமை கழிந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு மரைன் டிரைவுக்கு நடங்கள். அங்கே கடற்கரை ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. முதல்நாள் ரயிலுக்கு நூறு யார் தள்ளி ஒழுங்கைக்குள் நில்லுங்கள். ரயில் சத்தம் எழுந்ததும் அவித்த கோழித் துண்டு ஒன்றை வாயில் கொடுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டப் போகலாம். குட்டி தீனை மறுத்தால் நீங்கள் கிட்டப் போனது கூடிவிட்டது என்று அர்த்தம், பின்வாங்குங்கள். லிப்டின் கதவு, தண்ணீர்ப் பம்பின் இரைச்சல், குடை விரிப்பது, தலைக்கவசம் போட்ட ஆள், தாடி வைத்தவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், ஊன்றுகோல் பிடித்த தாத்தா, சக்கர நாற்காலி என்று ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது நல்ல சுவையோடு சேர்த்துக் காட்டிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் இது இன்னும் எளிது. புனித லூசியாள் பேராலயத்தின் மணி, ஜம்பட்டா வீதியின் லொறிகள், பொன்னம்பலவாணேசர் கோயில் மேளம், தொழுகை அழைப்பு, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளில் ஜூன் 13 அன்று பெருகும் சனம் என்று ஒரு மைல் சுற்றளவுக்குள் உலகமே இருக்கிறது. வாசற்படியில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாலே போதும். கட்டாக்காலி நாய்கள் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பட்டாசு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. டிசம்பர் 31 நள்ளிரவு, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, கிரிக்கெட் வெற்றி என்று கொழும்பில் வெடிக்குக் குறைவில்லை. ஒலிப்பதிவு செய்த வெடிச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் மிக மெதுவாக ஒலிக்கவிட்டுச் சாப்பாடு வைப்பதும், குட்டி கவனியாதிருந்தால் மட்டும் அடுத்தநாள் சற்றுக் கூட்டுவதும் பல நாடுகளில் வைத்தியர்கள் பரிந்துரைக்கும் வழி. ஐப்பசியில் வாங்கிய குட்டிக்கு மார்கழிக்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். பயந்த குட்டியை அணைத்தால் பயம் வளரும் என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரமில்லை. அணைத்துக்கொள்ளுங்கள்.

மலசலப் பழக்கத்தில் குடும்பங்கள் தோற்பது எதிர்பார்ப்பின் அளவால். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் அதற்கு வரும். அந்த மூன்று நேரத்திலும் தூக்கிப் பல்கனியில் ஒரே மூலைக்குக் கொண்டுபோய், அங்கே இருந்ததும் உடனே தீன் கொடுத்தால் சில கிழமைகளில் அதுவே அங்கு ஓடும். பல்கனியில் பத்திரிகைத் தாளைவிடப் புல்தரை போட்ட தட்டு நல்லது. பிறகு தெருவோரப் புல்லுக்கு மாற்றுவது எளிதாகும். கூடத்தில் பெய்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதை இன்னும் பல வீடுகளில் பார்க்கிறேன். அது அருவருப்பானது, பயனுமில்லாதது. குட்டி அதிலிருந்து கற்பது, ஆட்கள் பார்க்கும்போது பெய்யக்கூடாது என்பதை மட்டும். பிறகு அது கட்டிலுக்கடியில் ஒளித்துப் பெய்யும்.

கடி விஷயமும் அப்படித்தான். குட்டிக்கு இருபத்தெட்டுப் பாற்பற்கள். அவை விழுந்து நாற்பத்திரண்டு பற்கள் முளைக்க ஆறு, ஏழு மாதம் ஆகும். அதுவரை கண்டதையெல்லாம் கடிக்கும். கை கடிபட்டதும் விளையாட்டை நிறுத்தி, எழுந்து, அரை நிமிடம் அறையை விட்டுப் போங்கள். விளையாட்டு நின்றுபோவதுதான் அதற்குப் பெரிய தண்டனை. கடிப்பதற்கு ஈரத்துணியை முடிச்சுப் போட்டுக் குளிரூட்டிக் கொடுக்கலாம். பத்திரிகையைச் சுருட்டி அடிப்பது, காதைத் திருகுவது, 'தலைவன் யார் என்று காட்டுவது' எல்லாம் ஓநாய்க் கூட்டத்தைப் பற்றிய பழைய தவறான புரிதலிலிருந்து வந்தவை. பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து ருடோல்ப் ஷெங்கெல் 1947இல் எழுதியதிலிருந்து அது பரவியது. அந்தக் கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலில் பிரபலமாக்கிய டேவிட் மெச், காட்டு ஓநாய்க் கூட்டம் தாயும் தகப்பனும் பிள்ளைகளுமான குடும்பம் என்று 1999இல் தாமே எழுதித் திருத்தினார். 2020இல் போர்ச்சுக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வு, தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் படித்த நாய்களிடம் பயிற்சிக்குப் பிறகு மன அழுத்த ஹோர்மோன் கூடியிருந்ததைக் கண்டது. கடிக்கும் நாய்களில் பல, அடிபட்டு வளர்ந்தவை. சங்கிலியில் நாள் முழுதும் கட்டிக்கிடக்கும் நாயும் அப்படித்தான் முரடாகிறது. காவலுக்கு என்று சொல்லி அப்படிக் கட்டுவது கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டங்களில் கடைசியில் அயல்வீட்டுப் பிள்ளையைத்தான் ஆபத்தில் விடுகிறது.

பழக்கம் குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னமே தொடங்குகிறது. ஒரு மாதம் நிறைந்ததும் தாயிடமிருந்து பிரித்து விற்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். பஞ்சுபோல இருக்கும்போது விற்றால் விலை கூட. முப்பது, நாற்பது நாளில் பிரித்த குட்டிகளையும் இரண்டு மாதத்தில் பிரித்தவற்றையும் ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. முன்னதாகப் பிரிந்தவை வளர்ந்த பிறகு கூடுதலாகக் குரைத்தன, பயந்தன, பொருட்களை நாசப்படுத்தின, உணவையும் விளையாட்டுப் பொருளையும் காத்துச் சீறின. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை எடுக்காதீர்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். இனத் தேர்வைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பனிநாட்டு ஹஸ்கியைக் கொழும்பின் புழுக்கத்தில் பிளாட்டுக்குள் வைத்திருப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. நாய்க்கு மேலெல்லாம் வியர்க்காது. இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நம் ஊர் நாட்டுக் குட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் போன்ற அமைப்புகள் வழியே தெருக்குட்டிகளுக்கு வீடு கிடைக்கிறது. பிளாட்டுக்கு அவை நன்றாகவே பொருந்தும்.

சாப்பாட்டில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதித் தீன் விலை எட்டாக்கனியானபோது பல வீடுகள் சோறும் நெத்தலியும் என்று திரும்பின. மஞ்சள் போட்டு அவித்த மீனும் சோறும் தப்பில்லை. ஆனால் வளரும் குட்டிக்கு அது மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்தை வைத்தியரைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பெரிய இனக் குட்டிக்கு அது கூடினாலும் எலும்பு கோணும். வெங்காயம் போட்ட கறி, முந்திரிகை வற்றல், சொக்லேட் மூன்றும் நஞ்சு. உண்ணியை விடாமல் பார்க்க வேண்டும். கொழும்பு நாய்களின் காய்ச்சலுக்கு உண்ணி பெரும் காரணம். வெள்ளம் வடிந்த ஒழுங்கைகளில் எலிக்காய்ச்சல் உண்டு, அதற்கும் ஊசி இருக்கிறது.

தனிமைதான் தொடர்மாடிக் குட்டியின் பெரிய துன்பம். தாயும் தகப்பனும் வேலைக்கு, பிள்ளைகள் பாடசாலைக்கும் அங்கிருந்து ரியூசனுக்கும் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. எட்டு வாரக் குட்டி எட்டு மணித்தியாலம் தனியே கிடக்க முடியாது. குளியலறைக்குப் போகும் இரண்டு நிமிடத்திலிருந்து தொடங்கி மெதுவாக நீட்டித்துத் தனிமைக்குப் பழக்க வேண்டும். அதற்கு ஆளில்லாத வீட்டில் குட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன். அம்மம்மா வீட்டில் இருக்கிறார் என்றால் அவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பகலெல்லாம் குட்டியோடு இருக்கப்போவது அவர்தான். அவர் 'வா' என்பார், பேரன் 'கம்' என்பான், வேலைக்கு வரும் அக்கா சிங்களத்தில் கூப்பிடுவார். குட்டி எந்த மொழியையும் கற்கும். ஆனால் ஒரு செயலுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு பாடம் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த வயதில் குட்டி நாளில் பதினெட்டு மணித்தியாலம் தூங்க வேண்டும், எழுப்பாதீர்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் பெரிதாகக் கைகொடுக்காது. மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அதன் தண்டப்பணம் நூறு ரூபா. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த மிருக நலச் சட்டமூலம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. தொடர்மாடிகளில் நாய் வளர்ப்பது பற்றிய முடிவு பெரும்பாலும் அந்தந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் விதிகளில் இருக்கிறது. குட்டி வாங்கும் முன் அந்த விதிகளை வாசித்துவிட வேண்டும். குட்டி குரைக்கிறது என்று எழும் முறைப்பாட்டில் பாதி, அது தனியே கிடந்து அழுவதால் எழுவது.

தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மிருக வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மொட்டை மாடியில் தெருநாய் ஏறுவதில்லை, பார்வோ பிடித்த மண்ணும் இல்லை. கிழமையில் ஒருநாள் மாலை அதைக் குளோரின் கரைசலால் கழுவி, முதல் ஊசி போட்டு ஒரு கிழமை கழிந்த குட்டிகளை மட்டும் ஒரு மணித்தியாலம் அங்கே கூட்டி விளையாடவிடுங்கள். நாய் வளர்க்காத அயலவர்களையும் அழையுங்கள். குட்டிகள் அவர்களோடும் பழக வேண்டும்.